முதலில் கங்குவிடம் பேசு

கோணிக்கொப்பல்,
கைல்போள்துக்கு முதல் நாள், புதன்கிழமை.

அன்புள்ள தேச்சுவுக்கு,

அம்மா எழுதுவது. கை உன் தங்கை நீலுவுடையது, சொல் என்னுடையது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த வாலென்சியா வெயிலில் தலைவலி காய்ச்சல் எதுவும் அண்டாமல், முழங்கால் தொந்தரவு தராமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இருக்கிறாயா இல்லையா என்பதை நீ சொன்னால்தான் உண்டு. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டைக்கு வந்துவிடுகிறோம், போன ஞாயிற்றுக்கிழமை நீ பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆகவே நீலு எழுத எழுதப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பி வைப்பாள். நான் சொல்வதை அப்படியே எழுது, பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி ஜோடனை பண்ணாதே என்று சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு இதற்குள் மூன்று பேனா மாற்றிவிட்டாள்.

இங்கே மழை விட்ட பாடில்லை. மதியம் கொஞ்ச நேரம் வெளுக்கிறது, துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் பிடித்துக்கொள்கிறது. கீழ்த்தோட்டத்தில் மிளகுக் கொடிகள் மஞ்சளாகின்றன, வேர் அழுகல்தான் வேறென்ன, அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் காபி குடிக்கிறார், அவர் பேசாமல் குடித்தால் நஷ்டம் என்று உனக்கே தெரியும். போன வாரம் யானை இரண்டு தடவை வந்தது. வேலியைச் சாய்த்து, பலா மரத்தில் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டு, நாம் கோடு போட்டு வலை கட்டி டென்னிஸ் ஆடுகிற காபி களத்தின் வழியாகவே நடந்து போயிருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால் கோட்டுக்கு உள்ளே ஒரு சேற்றுத் தடம், கோட்டுக்கு வெளியே ஒன்று, வலையைத் தொடவே இல்லை, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. "உன் பசங்களை விட இதுக்கு ஒழுங்கு அதிகம்" என்று அப்பா சொன்னார், அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். இப்போது என்னிடம் பழகப் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். டிசம்பரில் பழம் பறித்துக் களத்தில் பரப்பிவிட்டால் பிறகு மார்ச்சு வரைக்கும் பந்துக்கு இடம் கிடையாது, அதனால் மழையோடு மல்லுக்கட்டி, சாக்கால் ஈரத்தைத் துடைத்துத் துடைத்து இப்போதே ஆட வைக்கிறேன். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன், நீ இன்னும் ஈரத் தரையில் வழுக்காமல் ஓடுகிறாய் என்றால் அதற்கு அந்தச் சாக்குதான் காரணம்.

நேற்று அப்பா துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு உள்ளறையில் விளக்குக்கு முன்னால் சாத்திவிட்டார், அவற்றோடு என் ராக்கெட்டுகளும் போய்விட்டன. நாளைக் காலையில் கைல்போள்துக்கு ஆயுதங்களுக்கெல்லாம் செங்காந்தள் பூ வைத்துச் சந்தனம் பூசிப் பூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கல்யாணமான வருஷம், "எங்க வீட்டு ஆளுக்கு ஆயுதம் துப்பாக்கி, இவளுக்கு ஆயுதம் இது" என்று உன் அப்பா கேலியாகக் கொண்டுபோய் வைத்தார், அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளும் தங்கள் ராக்கெட்டுகளை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், உள்ளறையில் கால் வைக்க இடமில்லை. மற்ற வருஷங்களில் இந்த இரண்டு நாள் எனக்கு ஓய்வு. இந்த வருஷம் கை சும்மா இருப்பதே தாங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் களத்தைப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது, களத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. இதையும் நடந்துகொண்டேதான் சொல்கிறேன். "அம்மா, சன்னல் பக்கம் போனா கேக்க மாட்டேங்குது, திரும்பி வா" என்று நீலு கத்துகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ கூப்பிட்டு, அக்டோபரிலிருந்து அந்த செர்பியப் பெண் மிலிட்சாவோடு ஜோடி சேரப் போகிறேன், அவள் ரேங்குக்கும் என் ரேங்குக்கும் ஜனவரியில் மெல்போர்ன் பெரிய போட்டிக்கு நேராக உள்ளே போகலாம் என்றாய். சரி என்றேன். அதற்குப் பிறகு, "கங்குகிட்ட இப்போ சொல்லாதே அம்மா, அவ தோள் சரியாகட்டும், பண்டிகை முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றாய். அதற்கும் சரி என்றேன். போன ஞாயிறு சொல்லிவிட்டாயா என்று கேட்டேன், நீ போனை வைத்துவிட்டாய். நாலு வருஷமாக உன் ஜோடியாக ஆடுகிற கங்குவை நீ விட்டுப் போகிறாய் என்று நான் கோபப்படுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. அது இல்லை தேச்சு. ஜோடி மாறுவது இந்தத் தொழிலில் உள்ளதுதான். நான் ஆடிய வருஷங்களில் நாலு பேரை விட்டேன், என்னையும் ஆட்கள் விட்டார்கள், அதில் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போய் நான்தான் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நாலு வருஷம் ஒரே வலைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் அடுத்த வாரம் அந்தப் பக்கம் நிற்பார்கள், நேராக வயிற்றைப் பார்த்து அடிப்பார்கள், ஆட்டம் முடிந்தால் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, எங்கள் காலத்தில் யாரும் எழுதி வைக்காத முறை. முதலில் ஜோடிக்காரியிடம் சொல்ல வேண்டும். அவள் அறைக் கதவைத் தட்டி, நின்றபடியே, இனிமேல் வேறொருத்தியோடு ஆடப் போகிறேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக வரப்போகிறவளுக்கு அதற்குப் பிறகுதான் சரி சொல்ல வேண்டும், பயிற்சியாளருக்கு அதற்கும் பிறகு, அம்மா அப்பாவுக்கெல்லாம் கடைசியில். நீ வரிசையைத் தலைகீழாக்கிவிட்டாய். என்னிடம் முதலில் சொன்னதுதான் நீ செய்த தப்பு, அவளை விடுவது இல்லை.

உனக்கு அங்கே இருந்து தெரியாத ஒன்று இருக்கிறது. பூனாவிலிருந்து கேதகி என்று ஒரு பெண், உனக்குத் தெரிந்திருக்கும், உயரமாக, இடது கைக்காரி, கோர்ட்டின் இடப்பக்கம் தவிர வேறெங்கும் நின்று ஆட மாட்டாள், அவள் கங்குவைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறாள். தோள் தேறிவிட்டது என்று கேள்விப்பட்டேன், அக்டோபரிலிருந்து சீனா, தாய்லாந்து ஆட்டங்களுக்கெல்லாம் என்னோடு சேர்ந்து வருகிறாயா என்று. கங்கு இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வேண்டாம்னு சொல்லிடப் போறேன் ஆன்ட்டி, தேச்சு இருக்கறப்போ எனக்கு எதுக்கு இன்னொருத்தி" என்றாள். உடனே சொல்லிவிடாதே, பண்டிகை போகட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, ஆனால் பார்த்தாள். கேதகி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பாளாம், அதற்கு மேல் பதில் இல்லையென்றால் ஒரு தாய்லாந்துப் பெண்ணோடு சேர்ந்துவிடுவாள். அப்புறம் இந்த வருஷத்துக்குக் கங்குவுக்கு ஆள் கிடைக்காது. கத்தி வைத்த தோளோடு, ஆறு மாதம் ஆடாத ரேங்கோடு, தெருவில் நின்று ஜோடி வேண்டும் ஜோடி வேண்டும் என்று கேட்பாளா. இதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் சொல்லிவிடலாம், என் வாயைத் திறந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது என் பந்து இல்லை. உன் அம்மா வந்து சொன்னாள் என்று அவள் தெரிந்துகொண்டால், நாலு வருஷம் பக்கத்தில் நின்றவளுக்கு நீ கொடுக்கிற மரியாதை அவ்வளவுதானா என்று ஆகிவிடும்.

இப்போது பன்றிக் கறிக்கு மசாலா வறுக்கிற வாசனை தீய்ந்த மாதிரி வருகிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நீலு, இதை எழுதாதே.

அக்கா, நான் நீலு. அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே எதுவும் தீயவில்லை, எனக்கு இங்கே வரைக்கும் நல்ல வாசனைதான் வருகிறது. நீ கங்கு அக்காவை விடப் போகிறாய் என்பது எனக்கே இன்று இதை எழுதும்போதுதான் தெரியும். எழுதும்போது கை நின்றுவிட்டது, "எழுது, எழுது, மையா தீந்துபோச்சு" என்று அம்மா அதட்டினாள். அம்மா உனக்குச் சொல்லாத ஒன்றை என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். நான் அங்கே பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், கற்பனை சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. நாங்கள் சாக்கால் துடைத்து முடிக்கவும் பெள்ளியப்பா மாமாவின் ஜீப்பில் கங்கு அக்கா வந்து இறங்கவும் சரியாக இருந்தது. மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர் இல்லையா, மகளை ஒரு நாள் கூடத் தாமதமாகக் கொண்டுவந்து விட்டதில்லை. கங்கு அக்கா ஜெர்சியின் கழுத்தை இழுத்துவிட்டுத் தோள் தழும்பின் மேல் தைலம் தடவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். போய், எப்போதும் நிற்கிற மாதிரி இடப்பக்கம் நின்றாள். அம்மா எதிர்ப்பக்கம் பந்துக் கூடையோடு குனிந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்காமலே கையை வீசி வலப்பக்கம் போகச் சொன்னாள். சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தாள், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இடப்பக்கத்தில் நம் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதுதான் உன் ஜோடி, அதற்கு இடம் விட்டு ஆடு என்றாள். நாற்காலி ஒரு பந்தைக் கூட அடிக்கவில்லை என்று குட்டிப்பையன்கள் சிரித்தார்கள், "சில ஜோடிங்க அப்படித்தாண்டா" என்று கங்கு அக்கா சொன்னாள், அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். கூடை காலியாகும் வரைக்கும் ஆடினாள். நன்றாக ஆடினாள் அக்கா, தோள் வலித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், வலித்தால் அவள் கீழ் உதட்டைக் கடிப்பாள், கடிக்கவில்லை. அதன் பிறகு ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, தண்ணீர் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். "ஆன்ட்டி, மூணு நாளா என்னை வலது பக்கமே நிறுத்தறீங்க. அது தேச்சு நிக்கற இடமாச்சே. அப்போ எனக்கு இடது பக்கம் நிக்கப்போறது யாரு" என்றாள்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அந்த நிமிஷம் புரியவில்லை, இப்போது கேதகி இடது கைக்காரி என்று எழுதியபோதுதான் புரிந்தது. ஜோடி ஆட்டத்தில் ஒருத்தி வலம் ஒருத்தி இடம், புருஷன் பெண்டாட்டி படுக்கையில் பக்கம் மாற மாட்டார்கள் இல்லையா அது மாதிரி என்று அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவாள், பெற்றோர்கள் இருக்கும்போது சொல்ல மாட்டாள். நாலு வருஷமாக நீ வலம், கங்கு அக்கா இடம். அம்மா வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் கேதகிக்குப் பக்கத்தில் நிற்கக் கங்கு அக்காவைப் பழக்கிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கங்கு அக்கா கேட்டதும் அம்மா அந்த நாற்காலியை ஏதோ யாரோ கொண்டுவந்து போட்ட மாதிரி பார்த்தாள். யாராவது ஒன்று கேட்டால் அம்மா பதிலுக்கு ஐந்து சொல்வாள் இல்லையா. அன்றைக்கு, "பந்தைப் பொறுக்கு" என்று மட்டும் சொன்னாள். கங்கு அக்கா குனிந்து எல்லாப் பந்தையும் பொறுக்கினாள், என்னைப் பொறுக்க விடவில்லை. நாற்காலியையும் அவளே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள், வலது தோளில் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இடது கையால் தூக்கினாள்.

இதை எழுதி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பெள்ளியப்பா மாமாவும் கங்கு அக்காவும். நாளைக்கு ஊர்த் திடலில் தேங்காயைத் துப்பாக்கியால் சுடுகிற போட்டிக்கு அப்பாவைக் கூப்பிட வந்தார்களாம், பன்றிக் கறியில் ஊற்றுகிற கச்சம்புளி ஒரு பாட்டிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். நான் கடிதத்தின் மேல் புவியியல் புத்தகத்தை வைத்துவிட்டேன். மாமா உட்காரவே இல்லை, அவரும் அம்மா மாதிரிதான். "முத்தவ்வா, நீயே சொல்லு, அந்தப் பூனா பொண்ணு நேத்து எனக்கே போன் போட்டுட்டா. இவ ஆமான்னும் சொல்ல மாட்டேங்கறா இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறா. பட்டாளத்துல இப்படி ஒரு சிப்பாய் நின்னா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா" என்றார். "பெள்ளியப்பண்ணா, முதல்ல காபி குடிங்க" என்றாள் அம்மா. "காபி கெடக்கட்டும், நீ கோச்சு, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றார். அம்மா, அவளுக்கு இருபத்து நாலு வயதாகிறது, அவளே சொல்வாள் என்று என்னமோ சொல்லிக்கொண்டே காபிக்குச் சர்க்கரை போட்டாள், போட்டதையே திரும்பவும் போட்டாள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "தேச்சுவுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டீங்களா, இவ்வளவு இனிப்பு" என்று கேட்டார். அப்பா மட்டும்தான் சிரித்தார், பாவம் அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

கங்கு அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். புவியியல் புத்தகத்தின் கீழே காகித ஓரம் தெரிந்திருக்க வேண்டும். "அக்காவுக்கா எழுதற" என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அம்மாவுக்கும் மாமாவுக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "உங்க அக்கா யாரோட வேணும்னாலும் ஆடட்டும் நீலு. ஆனா அவ வாயால எங்கிட்ட சொல்ற வரைக்கும் நான் அவ ஜோடி. அவ ஜோடியா இருந்துக்கிட்டே இன்னொருத்திக்குச் சரின்னு சொல்ல எனக்கு வராது. அதனால பூனாக்காரி போனா போகட்டும்." உனக்குக் கோபமா என்று நான் கேட்டேன். "கோபமெல்லாம் நேத்தே முடிஞ்சுபோச்சு. இப்போ போன் அடிச்சா நெஞ்சு குதிக்குது, பாத்தா ராக்கெட் கம்பெனிக்காரன், புது பேக் வேணுமான்னு கேக்கறான்" என்று சொல்லிச் சிரித்தாள். கடம்புட்டு பிடிக்க அம்மாவுக்குக் கை கொடுக்கிறேன் என்று எழுந்து போனாள். பத்துப் பதினைந்து அரிசி உருண்டை பிடித்தாள், எல்லாம் ஒரே அளவு, அம்மா பிடித்ததுதான் சின்னதும் பெரிதுமாக இருந்தது. மாமாவும் அவளும் இப்போதுதான் கிளம்பிப் போனார்கள். அம்மா ஜீப் வளைவைத் தாண்டிய பிறகும் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இதுவரைக்கும் எழுதிய எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தேச்சு, திரும்பவும் அம்மா. நீலு எழுதியதைப் படித்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன், கிழித்துப் பிரயோசனமில்லை, அனுப்பியாச்சு என்று சொல்கிறாள். இருக்கட்டும். அவள் எழுதியதில் ஒரு சொல் பொய்யில்லை, எனக்குத்தான் அதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது. நான் வேண்டுமென்று அவளை வலப்பக்கம் மாற்றவில்லை. இரவெல்லாம் இவளுக்கு இனி யார், இவளுக்கு இனி யார் என்றே யோசித்துக்கொண்டிருந்தால், காலையில் கை தானாக அங்கே காட்டிவிடுகிறது. நாக்கைக் கட்டி வைத்தேன், கையைக் கட்ட மறந்துவிட்டேன். சாதாரண ஜனங்கள் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், பெள்ளியப்பா இத்தனை நாளும் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை, அவர் மகளுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. அவ்வளவு நல்ல ஆட்டக்காரி அவள். நீ அவளை விட்டுப் போவது உன் இஷ்டம், ஆனால் யாரை விட்டுப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ.

இப்போது நிலைமையைப் பார். நீ போகப் போகிறாய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இதோ உனக்கும் தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும், எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள். உன் வாயிலிருந்து அது வராமல் அவள் கேதகிக்குச் சரி சொல்ல மாட்டாள், பிடிவாதம் இல்லை, அவள் அப்படி வளர்ந்தவள், அந்தக் குணத்தில் பாதி நான் ஊட்டி வளர்த்தது. பக்குவமாகச் சொல்கிறேன் என்றாயே, பக்குவமெல்லாம் வேண்டாம். தோள் எப்படி இருக்கிறது, மழை எப்படி இருக்கிறது என்று சுற்றி வளைக்காதே. அழாதே, நீ அழுதால் அவள் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள், அது அநியாயம். மிலிட்சாவின் ரேங்கைப் பற்றியெல்லாம் விளக்காதே, அவளுக்குக் கணக்குத் தெரியும். மிலிட்சாவோடு ஆடப் போகிறேன் என்று மட்டும் சொல். அதன் பிறகு அவள் பேசுவதைக் கேள், எவ்வளவு நேரம் பேசினாலும் கேள். அவள் ஒன்றும் பேசாமல் இருந்தால் அதையும் கேள்.

மற்றது எல்லாம் சின்ன விஷயம். நீ கேட்ட கச்சம்புளி வந்துவிட்டது, மடிக்கேரியிலிருந்து ஒருவர் அடுத்த மாதம் பார்சிலோனா போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். மூங்கில் குருத்து ஊறுகாயும் வைக்கிறேன், அறையில் மற்ற பெண்கள் வாசனைக்கு முகம் சுளித்தால் சன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடு. ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகவே வயிற்றை ரொப்பாதே. முழங்காலுக்குப் பனிக்கட்டி வைப்பதை ஆட்டம் இல்லாத நாளிலும் விடாதே. உன் சித்தி இன்னும் அந்த மைசூர் டாக்டர் பையன் கதையை விடவில்லை, நான் மெல்போர்ன் முடியட்டும் என்று வாயை அடைத்து வைத்திருக்கிறேன், ஆகவே மெல்போர்னில் சீக்கிரம் தோற்றுவிடாதே.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. மேசை மேல் அதிர்ந்து நகர்ந்துகொண்டே போகிறது, திரையில் உன் முகம். படித்துவிட்டாய் என்று தெரிகிறது. நீலு எடுக்கக் கையை நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன். தேச்சு, உன் போனை நான் எடுக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை, நீ சர்வதேச ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்து எடுத்திருக்கிறேன். இப்போது எடுத்தால் நீ என்னிடம் அழுவாய், நான் உன்னைத் திட்டுவேன், பிறகு சமாதானம் சொல்வேன், உன் பாரம் இறங்கிவிடும், அதோடு இன்றைக்கும் அவளைக் கூப்பிட மாட்டாய். எனக்குத் தெரியாதா உன்னை. அதனால் எடுக்கப் போவதில்லை. முதலில் கங்குவிடம் பேசு. பேசி முடித்த பிறகு கூப்பிடு, முதல் மணியிலேயே எடுக்கிறேன், எந்நேரமானாலும் சரி.

நாளைக்கு விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லித்தான் ஏற்றுவேன். காவேரித் தாய் உன்னை எந்த ஊரிலும் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். கையும் காலும் சொன்னபடி கேட்கட்டும். பக்கத்தில் நிற்கிறவள் யாராக இருந்தாலும் உன்னை நம்பி நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் கேதகி இருப்பாள் என்பதை மறக்காதே.

உன் அம்மா,
முத்தவ்வா.

அக்கா, இந்த வரி மட்டும் நீலு. போன் நின்றுவிட்டது. அம்மா இன்னும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், காலையிலிருந்து அவள் உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறேன். பெள்ளியப்பா மாமாவின் ஜீப் இந்நேரம் கோணிக்கொப்பல் கடைத்தெருவைத் தாண்டியிருக்கும், அங்கிருந்து அவர்கள் வீடு வரைக்கும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.